பலகையில் இருநூற்றுப் பன்னிரண்டு

"இந்த வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எத்தனை பேர்?" என்று மகள் கேட்டாள்.

"மூணு," என்றாள் அம்மா.

"விளையாடாதம்மா. நான் இப்போ உன் பொண்ணு இல்ல. மக்கள்தொகை எடுக்க வந்த அரசாங்க ஆளு."

"அப்போ அரசாங்கத்துக்கிட்டயே சொல்றேன். மூணு. வேணும்னா வெளியே போய்க் கதவைத் தட்டிட்டு மறுபடியும் வந்து கேளு. அப்பவும் மூணுதான்."

சமையலறை மேஜையில் படிவம் விரித்துக் கிடந்தது. ஒரு மூலை பறக்காமலிருக்கச் சர்க்கரை டப்பா, இன்னொரு மூலைக்கு அம்மாவின் கண்ணாடிக் கூடு. மகள் பென்சிலை எடுத்து 2 என்று எழுதினாள்.

"என்னடி எழுதினே?"

"ரெண்டு."

"முப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறே. வீட்டுல இருக்கறதை எண்ணத் தெரியல. நல்லா இருக்குடி உன் பள்ளிக்கூடம்."

பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். அந்த ஊரில் கணக்கெடுக்கும் வேலை டீச்சர்கள் தலையில்தான் விடியும். அவளுக்கு ஒதுக்கிய ஐந்து தெருக்களில் அவள் வீடு இருக்கும் தெருவும் ஒன்று. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எல்லாப் படிவத்தையும் மையில் எழுதி ஒப்படைக்க வேண்டும். தன் வீட்டை மட்டும் பென்சிலில் விட்டுவைத்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அம்மா சொன்ன அந்த மூன்றாவது ஆள், அவள் தம்பி. லிப்ட் மெக்கானிக். ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து சறுக்கி விழுந்தான். உயிர் தப்பியது, முதுகு தப்பவில்லை. முதலில் வலிக்காக மாத்திரை வந்தது. அப்புறம் மாத்திரைக்காகவே வலி வந்தது. டாக்டர் நிறுத்தினாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடைக்காதா என்ன? வீட்டில் சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, கடைசியில் அவள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வடிவியல் நடத்த வைத்திருந்த பித்தளைக் காம்பஸ். "விட்டுட்டேன்கா" என்று அவன் ஆறு தடவை சொன்னான். ஆறு தடவையும் அவள் நம்பினாள். ஏழாவது தடவை சொன்னபோது அது அவள் காதில் "புலி வருது" என்றுதான் விழுந்தது. ஒரு புதன்கிழமை துவைக்கப் போட்ட அவன் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அட்டையைக் குப்பையில் போட்டாள். அவனை வெளியே அனுப்பினாள். சாயங்காலம் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாள். "இனிமே இந்த வீட்டுல அவன் பேரு இருக்கக் கூடாது" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அன்றைக்கே அவன் ஊரின் அடுத்த கோடியில் இருக்கும் மறுவாழ்வு இல்லத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று தெரிந்தது. அவள் போய்ப் பார்க்கவில்லை. எத்தனை நாளாயிற்று என்றும் எண்ணவில்லை. மறக்க நினைப்பதற்கு யார் நாள் கணக்கு வைப்பார்கள்? யாராவது கேட்டால், "ஆச்சு, ரொம்ப நாள்" என்பாள்.

ஆனால் இப்போது அரசாங்கம் கேட்டது. ஒருவர் ஓரிடத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் அவர் அந்த இடத்துக் கணக்கு. ஆறு மாதம் ஆகவில்லை என்றால் புறப்பட்டு வந்த வீட்டுக் கணக்கு. அவளுக்குக் கொடுத்த ஐந்தாவது தெருவில், கடைசிக் கதவு அந்த இல்லத்தின் கதவு. ஆறு மாதம் ஆகியிருந்தால் அவன் அங்கே. ஆகவில்லை என்றால், அவள் வாயால் துரத்தின பேரை அவள் கையாலேயே வீட்டில் எழுத வேண்டும்.

*

மற்ற தெருக்களை மூன்று நாளில் முடித்தாள். நூல் ஆலை மூடி எட்டு வருஷம் ஆகிறது. ஊரில் பாதி பூட்டு, மீதி பேச்சு. நூற்று நாற்பத்தெட்டுக் கதவில் எழுபத்தொன்று பூட்டிக் கிடந்தது. திறந்த கதவுகளில் பெரும்பாலும் வயசானவர்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"எம் பையன் வெளிநாட்டுல இருக்கான்மா. மருமக அங்கேயே நர்சு. பேரன் இப்போ நல்லா உயரமாயிட்டான்."

"இல்லம்மா, இந்த வீட்டுல."

"இந்த வீட்டுலயா? நானும் டிவியும்."

பழைய ஆலைக் குடியிருப்பில் மட்டும் வேறு சத்தம். புதிதாக வந்த குளிர்பதனக் கிடங்கில் வேலைக்கென்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் அறைக்கு ஆறு பேராக இருந்தார்கள். பகலில் மூன்று பேர் தூங்க, மூன்று பேர் வேலைக்குப் போக, கட்டில் ஆறவே ஆறாது. "தாய்மொழி?" என்று கேட்டாள். ஒருவன் சொன்னான்: "எழுதிக்குங்க டீச்சர். தூக்கத்துல பேசறதுதானே தாய்மொழி? இவன் ஒண்ணு பேசறான், அவன் வேற ஒண்ணு பேசறான். எங்க ரூம்ல தாய்மொழி மூணு."

வியாழக்கிழமை காலை இல்லத்துக்குப் போனாள். ஒரு காலத்தில் அச்சகமாக இருந்த கட்டடம். சுவரில் இன்னும் மை வாசனை இருந்தது. கூடத்தில் நீளமான மேஜை. நாலைந்து பேர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் பெரிய கரும்பலகை. அதில் பேர் கிடையாது, வரிசை வரிசையாக எண்கள் மட்டும். அவள் அதைப் பார்த்தாள், சமையல் கணக்கு போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இல்லத்தை நடத்துபவரைக் கோந்து அண்ணன் என்பார்கள். யாராவது திரும்பவும் பழசுக்குப் போனால் வீடு தேடிப் போய், வாசலில் உட்கார்ந்து, கூட்டிக்கொண்டுதான் வருவார். ஒட்டினால் விடமாட்டார். அதனால் அந்தப் பேர். அவரே அங்கே சிகிச்சைக்கு வந்து தேறியவர்.

"வாங்க டீச்சர்! எங்களையும் மனுஷங்க கணக்குல சேக்கறீங்களா? பலே."

"இங்கே வழக்கமாகத் தங்கியிருக்கறவங்க எத்தனை பேர்?" என்று அவள் படிவத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"வழக்கமாவா? எங்க தொந்தரவே பழக்கம்தான் டீச்சர். வழக்கமெல்லாம் இப்பதான் கத்துக்கறோம்."

மேஜையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள், அவள் அரசாங்க ஆள் அல்லவா?

ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்கார்ந்தார்கள். வயது, படிப்பு, தொழில் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியாக, "எத்தனை நாளா இருக்கீங்க?" என்று கேட்டாள். பதில் ஒன்றும் தடுமாறவில்லை. இந்த ஊரில் தன் வயதையே தோராயமாகச் சொல்கிறவர்கள் உண்டு. இவர்களோ பரீட்சைக்குப் படித்து வந்ததுபோலச் சொன்னார்கள்.

"நூத்திமூணு."

"ஒன்பது."

"எழுபத்தி ஆறு. நாளைக்கு வந்தீங்கன்னா எழுபத்தி ஏழு."

இல்லத்தின் சமையல்காரரை ராணுவம் என்று கூப்பிட்டார்கள். காலை ஐந்து மணிக்குத் தட்டைத் தட்டி எல்லாரையும் எழுப்புவாராம். அவர் மட்டும் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, "நாப்பத்தியொண்ணு" என்றார்.

அவருக்கு அடுத்துத் தம்பி வந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர், மேலே ஒரு மின்விசிறி இறக்கையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் தெளிந்திருந்தது. கொஞ்சம் சதை பிடித்திருந்தது. உட்காரலாமா என்று பார்வையாலேயே கேட்டான். அவள் நாற்காலியைக் காட்டினாள்.

"வயசு?"

"உனக்குத் தெரியாதா?"

"நாங்க கேக்கணும். நீங்க சொல்லணும். அதுதான் முறை."

"நீங்களா!" என்றான். "சரிங்க. நாப்பத்தி நாலுங்க."

"எத்தனை நாளா இருக்கீங்க?"

"இருநூத்திப் பன்னெண்டு."

பேனா சட்டென்று எழுதியது. இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் ஆறு மாதம் தாண்டி ஒரு மாதம். அவன் இந்த இல்லத்துக் கணக்கு. வீட்டுப் படிவத்தில் இரண்டு இரண்டாகவே இருக்கலாம். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. இறங்கின இடத்தில் சுருக்கென்று எதுவோ குத்தவும் செய்தது. கணக்குச் சரியா என்று அவள் போட்டுப் பார்க்கவில்லை. நமக்குச் சாதகமான விடை வந்துவிட்டால் யார் சரிபார்க்கிறார்கள்?

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டான்.

"வாய் நல்லா இருக்கு. முழங்கால்தான் சரியில்ல."

"போன்ல பேசறாங்க. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் கேக்கற மாதிரி."

"அடுத்தவங்க வரலாம்," என்றாள் அவள்.

*

சாயங்காலமே மேற்பார்வையாளர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நகராட்சி அலுவலகத்தில் அவர் மேஜை ஜன்னலோரம். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் எதையும் படிப்பார்.

"டீச்சர், இதென்ன? இருபத்தி மூணு பேர் இருக்கற வீட்டுல ஆறு மாசத்துக்கு மேல இருக்கறவங்க நாலே பேரா?"

"அவங்கவங்க சொன்னதுதான் சார்."

"அந்தச் சமையல்காரரு நாப்பத்தியொரு நாளா இருக்காராம்! எங்க வீடு அதே தெருமுனைலதான். நாலு வருஷமா அவரு தட்டுற சத்தத்துலதான் நானே எந்திரிக்கறேன். அலாரம் வாங்கவே இல்ல."

"அப்போ பொய் சொன்னாரா?"

"பொய் சொல்றவரு நாளைக் குறைச்சா சொல்லுவாரு? போய்ப் பாருங்க. எங்கேயோ கேள்வி தப்பு."

முப்பது வருஷ வேலையில் அவளிடம் யாரும் 'கேள்வி தப்பு' என்று சொன்னதில்லை. அவள்தான் மற்றவர்களிடம் 'விடை தப்பு' என்று சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் போனாள். கரும்பலகைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவராகச் சாக்பீஸை வாங்கி, தன் எண்ணைத் துடைத்து, ஒன்று கூட்டி எழுதிவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்கள். ராணுவம் நாற்பத்தொன்றை அழித்து நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

"அண்ணே," என்று கோந்து அண்ணனைப் பிடித்தாள். "இவரு எத்தனை நாளா இங்கே இருக்காரு?"

"நாப்பத்தி ரெண்டு."

"இங்கே வந்து?"

"ஓ, வந்தா? வந்து நாலு வருஷம் ஆச்சு." சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்த சிரிப்பில் டம்ளரிலிருந்த தேநீர் தளும்பியது. "அட ராமா! டீச்சர், இந்த வீட்டுல 'எத்தனை நாள்'னு கேட்டா யாருக்கும் வேற அர்த்தமே தெரியாது. மாத்திரை, ஊசி, பொடி, எதையும் தொடாம எத்தனை நாள்? அதுதான் கணக்கு. நடுவுல நழுவினா மறுபடியும் ஒண்ணுலருந்து. இவரு பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் கொஞ்சம் நழுவிட்டாரு. மறுநாளே தானா வந்து நின்னாரு. பலகையைத் துடைச்சு ஒண்ணு போட்டோம்."

"நாலு வருஷமும் போச்சா?"

"எங்கே போச்சு? சமைக்கத் தெரியாமயா போயிட்டாரு? நம்பர்தான் புதுசு, ஆளு பழசு."

"நான் அரசாங்கக் கணக்குல நழுவாத நாளை எழுதி வெச்சிருக்கேனே!"

"எங்க பசங்க சந்தோஷப்படுவாங்க. இதுவரைக்கும் எந்தப் படிவமும் அதைக் கேட்டதில்ல."

சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வந்தார். சணல் நூலால் கட்டிய தடித்த நோட்டு. அவர் தேதியைப் படிக்கப் படிக்க அவள் நாள் போட்டாள். நூற்றுமூன்று என்று சொன்னவர் வந்து பதினாலு மாதம். ஒன்பது என்றவர் வந்து இரண்டு வருஷம். எல்லாருக்கும் வந்த நாள் அதிகம், பலகை நாள் குறைவு. பார்த்தால் நியாயம்தான்: உள்ளே வந்த பிறகுதானே விடுவார்கள்?

தம்பியின் பேர் வந்தது. அண்ணன் தேதியைப் படித்தார். புதன்கிழமை. துவைத்த நாள். பூட்டு மாட்டின நாள்.

அவள் எண்ணினாள். நூற்று இருபத்தொன்று. ஆறு மாதம் ஆகவில்லை. இரண்டு மாதம் குறைகிறது.

மறுபடியும் எண்ணினாள். நூற்று இருபத்தொன்றேதான்.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில், அவன் எழுத்தில் – எட்டாம் வகுப்பில் அவள் காதைத் திருகித் திருத்திய எழுத்தில் – 213.

இருநூற்றுப் பதிமூன்றிலிருந்து நூற்று இருபத்தொன்று போனால் தொண்ணூற்றிரண்டு. மூன்றாம் வகுப்புக் கழித்தல். தொண்ணூற்றிரண்டு நாள் அவன் எதையும் தொடாமல் அவள் வீட்டிலேயே இருந்திருக்கிறான். அவள் சமைத்ததைத் தின்றுகொண்டு, அவள் முறைப்பை வாங்கிக்கொண்டு, பக்கத்து அறையில் இருந்திருக்கிறான். அதற்குப் பிறகுதான் அவனைத் துரத்தியிருக்கிறாள்.

"அண்ணே, இவனோட நம்பர் தப்பா இருக்குமா?"

"இந்தப் பலகைல தப்பு எழுத முடியாது டீச்சர். வாரத்துக்கு ரெண்டு தடவை சோதனை. வர்றதுக்கு முன்னாடி உள்ள நாளை நாங்க எடுத்துக்கறதே இல்ல. ஆனா உங்க தம்பி வந்த அன்னிக்கே டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்தாரு. ஒண்ணுமில்ல, சுத்தம். 'எதுக்குப்பா வந்தே?'ன்னு கேட்டாரு. 'வீடு இல்ல சார். தனியா இருந்தா நழுவிடுவேன்'னான். சரி, இவன் மட்டும் சொந்தக் கணக்குலயே எழுதட்டும்னு விட்டோம்."

*

தம்பி ஏணிமேல் நின்று விசிறிக்கு இறக்கை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கீழே போய் நின்றாள்.

"இறங்கு."

"இருக்கா, ஒரு திருகாணி பாக்கி."

"கையிலதானே திருகாணி இருக்கு? வாய் சும்மாதானே இருக்கு? அப்படியே பதில் சொல்லு. அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை. "சொன்னேனே."

"சட்டைப் பைல அட்டை இருந்துச்சு."

"இருந்துச்சு. பத்து மாத்திரை அட்டை. எத்தனை மாத்திரை இருந்துச்சு?"

அவள் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தும் இருந்துச்சுக்கா. ஒண்ணுகூடப் பிரிக்கல. கடைசியா வாங்கினது. 'நீ பைல இரு, நான் தொடாம இருக்கேன், யாரு ஜெயிக்கறாங்கன்னு பாப்போம்'னு மூணு மாசமா வெச்சிருந்தேன். நீ கணக்கு டீச்சராச்சே! கொஞ்சம் எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா?"

அதில் கோபமில்லை. கேலியும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 'எண்ணிப் பாத்திருக்கக் கூடாதா' அவளுக்கு இரண்டு தடவை கேட்டது: விரலால் ஒரு தடவை, மனசால் ஒரு தடவை.

"எண்ணலடா," என்றாள். "ரெண்டு விதமாவும் எண்ணல."

விசிறி இறக்கையைப் பிடித்துக்கொண்டு அவன் கீழே பார்த்தான். அக்காவின் கண் கலங்கி அவன் பார்த்தது அப்பா போனபோது ஒரு தடவைதான். அவசரமாக இறங்கினான்.

"விடுக்கா. நான் ஆறு தடவை பொய் சொன்னேன். ஏழாவதை எவன் நம்புவான்? என்னையே என்னால நம்ப முடியல. அந்த அட்டை விஷயமும் மடத்தனம்தான். கோந்து அண்ணன் திட்டினாரு: 'பைல பாம்பை வெச்சுக்கிட்டா தைரியம் காட்டுவே?'ன்னு. நீ தூக்கிப் போட்டது நல்லதாப் போச்சு."

"என்னையும் சேத்துல்ல திட்டியிருக்கணும்."

"உன்னை நான் திட்டிக்கிட்டுதான் இருந்தேன். முதல் இருபது நாள். அப்புறம் உருளைக்கிழங்கு நிறைய வந்துச்சு, நேரம் கிடைக்கல."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மேஜையில் விரித்தாள்.

"உன் பேரை இங்கே அடிக்கணும். ஆறு மாசம் ஆகல. நீ வீட்டுக் கணக்கு."

"பரவால்லக்கா. இங்கேயே இருக்கட்டும். உனக்கு எதுக்குச் சங்கடம்?"

"சங்கடமில்லடா. விதி."

"விதியா?"

"ஆமா, விதிப் புத்தகம். பக்கம் பதினொண்ணு. உன் தலைவிதியைச் சொல்லல."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். ராணுவம் எட்டிப் பார்த்து, "டீச்சர், டீ ஆறுது" என்றார். நேற்று அவரைத் தற்காலிகமாகத் தங்குபவர் என்று எழுதியதற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். "ஊர்ல எல்லாருமே தற்காலிகம்தான்மா" என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டார்.

"எப்போ வர்றே?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஆறு மாசம் முடிச்சுட்டு வரேன்கா. டாக்டரும் அதைத்தான் சொல்றாரு. இன்னும் ரெண்டு மாசம். அதுக்குள்ள மாடி விசிறி எல்லாம் முடிச்சிடுவேன்."

"நம்ம வீட்டு விசிறியும் சத்தம் போடுது."

"அது எனக்குத் தெரியும். தொண்ணூத்திரண்டு நாள் அதுக்குக் கீழதானே படுத்திருந்தேன்? தூக்கமா வந்துச்சு?"

*

சனிக்கிழமை காலை, அதே சமையலறை மேஜை, அதே சர்க்கரை டப்பா. பென்சில் இரண்டை ரப்பரால் அழித்து, மையால் 3 என்று எழுதினாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மாவின் பேர் ஏற்கெனவே இருந்தது.

"தலைவருக்கு உறவு?" என்று கேட்டாள்.

"யாருக்கு யாரு உறவு?"

"உனக்குச் சின்னவன் என்ன வேணும்?"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிவத்தைக் கிட்டே இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். 3 என்ற இடத்தில் விரலை வைத்தாள். மை ஈரம் விரலில் ஒட்டியது.

"நான் முதல் நாளே சொன்னேன்."

"சொன்னே."

"அவன் விட்டுட்டான்டின்னும் சொன்னேன்."

"அதையும் சொன்னே."

"உனக்கு நாலு தெரு சுத்தி, பஸ் ஏறி, ஒரு ஆபீசரு சொல்லி, நோட்டைப் பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு. எனக்கு உக்காந்த இடத்துல தெரிஞ்சுது."

"நீ எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

"அந்த மூணு மாசம் சாப்பாட்டுல உப்பு இல்லன்னு சொன்னான்டி. அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா எதைப் போட்டாலும் தின்னான். நாக்கு திரும்பிடுச்சுன்னா ஆளு திரும்பிட்டான்னுதானே அர்த்தம்? உன் சமையலுக்கு உப்பு பத்தாதுங்கறது வேற விஷயம்."

மகள் உறவு என்ற கட்டத்தில் 'மகன்' என்று எழுதினாள். தொழில் என்ற கட்டத்தில் 'லிப்ட் மெக்கானிக்'. எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகும் எதையோ விட்டதுபோல அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னடி?"

"பூட்டை மாத்திட்டேனேம்மா. ரெண்டு மாசம் கழிச்சு அவன் வரும்போது கதவுல போய்த் தட்டிக்கிட்டு நிக்கணுமா?"

"அந்தப் பூட்டோட எத்தனை சாவி குடுத்தான் கடைக்காரன்?"

மகள் எழுந்து போய் அலமாரி இழுப்பறையைத் திறந்தாள். ஒன்று அவள் பையில் இருந்தது. ஒன்று அம்மாவின் தலையணைக்குக் கீழே. இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், இன்னும் ஒன்று.

"மூணு," என்றாள்.

"பாத்தியா," என்றாள் அம்மா. "பூட்டு விக்கிறவனுக்கே தெரிஞ்சிருக்கு."